வீட்டில் சுண்டெலி: கையால் செய்யும் பொறிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் வளைகளில் தண்ணீர் புகுந்து எலிகள் வீடுகளுக்குள் ஏறும். காவிரிப் படுகையில் சம்பா அறுவடை முடிந்து வயல் காலியானதும் இன்னொரு படையெடுப்பு இருக்கும். கடைக்குப் போய் எலி என்றாலே மருந்து கேக், ஒட்டும் அட்டை என்று எடுத்து நீட்டுகிறார்கள். அவற்றை வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியதைத்தான் இங்கே சொல்லியிருக்கிறேன். வீட்டில் கிடக்கும் கிண்ணம், வாளி, எண்ணெய் டின், காலண்டர் தாள் போதும், சுண்டெலியைப் பிடித்துவிடலாம். பிறகு அது வந்த வழியை அடைக்க வேண்டும். சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் எலி மருந்தே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. காரணம் கீழே வருகிறது.

வந்திருப்பது சுண்டெலியா, பெரிய எலியா? எப்படித் தெரிந்துகொள்வது?

புழுக்கையைப் பாருங்கள். சுண்டெலியின் புழுக்கை அரிசி நொய் அளவுதான், அரை சென்டிமீட்டர்கூடத் தேறாது, முனை கூராக இருக்கும். பருப்பு டப்பாக்களுக்குப் பின்னால், கரண்டி டிராயரில், மிக்ஸிக்கு அடியில் சிதறிக் கிடக்கும். ஒரு நாளைக்கு ஐம்பதுக்கு மேல் போடும் என்பதால், நிறையக் கிடந்தால் எலியும் நிறைய என்று உடனே முடிவு செய்துவிட வேண்டாம். பெரிய எலியின் புழுக்கை ஒரு சென்டிமீட்டரைத் தாண்டும். பரணிலும் ஓட்டுக்கு அடியிலும் தடதடவென்று ஓட்டம் கேட்டால் அது பெரிய எலிதான். சுண்டெலி ஓடினால் சத்தமே இருக்காது. ராத்திரி பிளாஸ்டிக் பையைச் சுரண்டும் ஒலிதான் அதைக் காட்டிக்கொடுக்கும்.

தோட்டத்தில் மண்ணைக் குவித்துப் பெரிய வளை போட்டிருந்தால் அது பெருச்சாளி. இங்கே சொல்லும் பொறிகள் எதுவும் அதற்கு ஆகாது.

நீள மூக்கோடு, கீச்சென்று கத்திக்கொண்டு சுவரோரமாகவே ஓடுகிறது. நாற்றமும் அடிக்கிறது. இதுவும் எலிதானா?

இல்லை, அது மூஞ்சூறு. எலிக் குடும்பத்தைச் சேர்ந்ததே அல்ல. அரிசியையோ துணியையோ தேடி வருவதில்லை. கரப்பான், பூரான், புழு பூச்சிதான் அதற்கு முக்கிய உணவு. அதைப் பிடிக்க வேண்டிய அவசியமில்லை. பொறியில் தவறி விழுந்திருந்தால் உடனே வெளியே விட்டுவிடுங்கள். அடிக்கடி தின்றுகொண்டே இருக்க வேண்டிய உடம்பு அதற்கு. நெடுநேரம் பட்டினி கிடந்தால் செத்துப்போகலாம்.

நேற்று ஒரே ஒரு சுண்டெலியைத்தான் பார்த்தேன். இதற்குப் போய் பொறி வைக்க வேண்டுமா?

இன்றைக்கே வையுங்கள். சுண்டெலியின் கர்ப்ப காலம் 19 முதல் 21 நாள்தான். ஒரு ஈற்றில் ஐந்தாறு குட்டிகள் போடும். அந்தக் குட்டிகள் ஆறு வாரத்தில் தாயாகும் பருவத்துக்கு வந்துவிடும். பகலில் கண்ணில் படும் அளவுக்கு வந்துவிட்டது என்றால், ஒளியும் இடத்தில் நெருக்கடி ஆகிவிட்டது என்றும் அர்த்தமாகலாம்.

எங்கே பொறி வைப்பது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இதற்குக் கோலமாவைவிட நல்ல கருவி இல்லை. படுக்கப் போகும் முன், சமையலறையில் சுவரும் தரையும் சேரும் இடத்தில், சந்தேகமான மூலைகளில் ஒரு விரல் அகலத்துக்கு மெல்லிசாகத் தூவி விடுங்கள். காலையில் விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் சின்னச் சின்னக் கால் தடமும், நடுவே வால் இழுத்த கோடும் தெரியும். எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, எங்கே நுழைந்தது எல்லாம் அதிலேயே எழுதியிருக்கும்.

சுண்டெலி திறந்த வெளியில் நடக்கப் பயப்படும். மீசை முடி சுவரில் உரசியபடி ஓரமாகவேதான் போகும். அப்படிப் போன வழியில் நாளாக ஆகச் சுவரில் கறுப்பாக ஒரு பிசுக்கு படியும். தன் கூட்டிலிருந்து பெரும்பாலும் பத்து மீட்டர் தூரத்துக்குள்ளேயே அதன் நடமாட்டம் அடங்கிவிடும். அதனால் ஹாலின் நடுவில் வைத்த பொறி ஒரு மாதம் ஆனாலும் சும்மாதான் இருக்கும். ஃபிரிட்ஜின் பின்பக்கம், கேஸ் சிலிண்டர் மூலை, வாஷிங் மெஷின் அடி, சாமி அலமாரி ஆகிய நான்கையும் முதலில் பாருங்கள். சாமி அலமாரியை ஏன் சொல்கிறேன் என்றால், எண்ணெய் ஊறிய விளக்குத் திரியென்றால் எலிக்கு உயிர். எரியும் திரியையே இழுத்துக்கொண்டு ஓடித் தீப்பிடித்த வீடுகள் உண்டு. எலி நடமாட்டம் இருக்கும் வரை இரவில் விளக்கை அமர்த்திவிட்டுப் படுங்கள்.

ஒன்றும் வாங்காமல் இன்று இரவே வைக்கக்கூடிய பொறி எது?

கிண்ணப் பொறி. கனமான எவர்சில்வர் கிண்ணம் அல்லது பித்தளைப் பாத்திரம் ஒன்று, ஒரு பத்து ரூபாய் நாணயம், அடியில் வைக்க ஒரு தட்டையான தாம்பாளம், இவ்வளவுதான் வேண்டும்.

பாத்திரத்தின் உட்பக்கச் சுவரில், விளிம்பிலிருந்து இரண்டு விரல் உள்ளே தள்ளி, இரையை நன்றாக அழுத்தி ஒட்டுங்கள். இரையைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன். பாத்திரத்தைத் தாம்பாளத்தின் மேல் கவிழ்த்து, இரை ஒட்டிய பக்கத்துக்கு நேர் எதிர் விளிம்பைத் தூக்கி, நாணயத்தைச் செங்குத்தாக நிறுத்தி அதன் தலைமேல் விளிம்பை உட்கார வையுங்கள். பத்து ரூபாய் நாணயம் 27 மில்லிமீட்டர். சுண்டெலி நுழைய அது தாராளம். எலி உள்ளே போய் எதிர்ச் சுவரில் முன்னங்காலை ஊன்றி இரையைப் பிய்க்கும். பாத்திரம் லேசாக நகரும், நாணயம் சரியும், பாத்திரம் மூடிக்கொள்ளும். காலையில் தாம்பாளத்தோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான்.

நாணயத்தை நிறுத்தும்போது கை நடுங்கினால் பாத்திரம் நாலைந்து தடவை விழும். ஒரு சொட்டுத் தண்ணீரை நாணயத்தின் அடியில் வைத்தால் கொஞ்சம் நிற்கும். நாணயத்தின் பட்டையான முகம் எலி நுழையும் திசையைப் பார்க்கக்கூடாது. பக்கவாட்டில் இருந்தால்தான் அது உள்ளே போகும்போது முட்டிச் சாய்க்காது.

காலையில் பார்த்தால் பாத்திரம் மூடியிருக்கிறது, உள்ளே எலி இல்லை. ஏன்?

பெரும்பாலும் இரை வாசலுக்குப் பக்கத்தில் இருந்திருக்கும். எலி உடம்பை வெளியே வைத்துக்கொண்டு தலையை மட்டும் நீட்டி இழுத்திருக்கும். இரையை இன்னும் உள்ளே தள்ளுங்கள். சின்னப் பாத்திரமாக இருந்தாலும் இதே கதைதான். எலியின் வால் நீங்கலாக உடம்பு மட்டும் எட்டு, ஒன்பது சென்டிமீட்டர் இருக்கும். அது முழுதாக உள்ளே போன பிறகும் இடம் மிஞ்ச வேண்டும் என்றால் குறுக்களவு பதினைந்துக்குக் குறையக்கூடாது.

இன்னொரு காரணம், பூனையோ காற்றோ தட்டிவிட்டிருக்கும். மின்விசிறிக்கு நேர் கீழே வைக்காதீர்கள்.

மூன்று நான்கு எலிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பிடிக்க முடியாதே?

அதற்கு வாளிப் பொறிதான் சரி. ஒரே இரவில் ஒன்றுக்கு மேல் விழும். திரும்பத் திரும்ப வைத்துக்கொண்டிருக்கவும் வேண்டாம்.

20 லிட்டர் பெயிண்ட் வாளி ஒன்றை நன்றாகக் கழுவி உலர்த்துங்கள். சுண்டெலி நின்ற இடத்திலிருந்து 30 சென்டிமீட்டர் வரை எகிறும். அதனால் பத்து லிட்டர் வாளி தேறாது. வாய்ப்பக்கம் எதிரெதிராக இரண்டு துளை போட்டு, பழைய சைக்கிள் சக்கரக் கம்பியையோ குடைக்கம்பியையோ குறுக்கே செருகுங்கள். அந்தக் கம்பியில் ஒரு காலி குளிர்பான டின்னையோ ஒரு லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலையோ கோத்துவிட வேண்டும். பாட்டிலின் அடியிலும் மூடியிலும் துளை சரியாக நடுவில் விழ வேண்டும். கோணலாக இருந்தால் கனமான பக்கம் கீழே நின்றுவிடும், உருளாது. விரலால் தட்டிப் பாருங்கள். லேசாகத் தொட்டாலே சுழல வேண்டும். கம்பியில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் இன்னும் நல்லது.

பாட்டிலின் நடுவில் சுற்றிலும் இரையைத் தடவுங்கள். வாளியைச் சுவரை ஒட்டி வைத்து, தரையிலிருந்து வாளி விளிம்புக்கு ஒரு மரப்பலகையைச் சாய்த்துவிடுங்கள். வழவழப்பான பலகை என்றால் அதில் ஒரு துணியை ஒட்டுங்கள், எலிக்குப் பிடிமானம் வேண்டும். பலகையின் நுனிக்கும் பாட்டிலுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்தால் எலி யோசித்துத் திரும்பிவிடும். எட்டிக் கால் வைக்கும் தூரத்தில் இருக்கட்டும். கால் வைத்ததும் பாட்டில் சுழலும், எலி உள்ளே விழும், பாட்டில் பழையபடி நின்று அடுத்த எலிக்குத் தயாராகிவிடும்.

வாளி இல்லையென்றால் 15 கிலோ எண்ணெய் டின்னும் ஆகும். உயரம் கொஞ்சம் குறைவு என்பதால், மேல்தகட்டை முழுவதும் வெட்டாமல் ஓரத்தில் இரண்டு விரல் அகலம் விட்டு வெட்டுங்கள். எகிறினாலும் அந்தத் தகடு தலையில் இடித்துத் திருப்பிவிடும். வெட்டிய விளிம்பைக் குறடால் மடக்கிவிடுங்கள், கையைக் கிழித்துவிடும்.

வாளியில் தண்ணீர் ஊற்றி வைக்கச் சொல்கிறார்களே?

வேண்டாம். சுண்டெலி நன்றாக நீந்தும். உடனே சாகாது, நெடுநேரம் வாளியைச் சுற்றிச் சுற்றித் தவிக்கும். அப்படி ஒரு சாவு எந்த உயிருக்கும் வேண்டியதில்லை. சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் தண்ணீர் நிறைந்த வாளியே தனி ஆபத்து. உலர்ந்த வாளியில் கிழித்த செய்தித்தாளும் ஒரு வெள்ளரித் துண்டும் போட்டு வையுங்கள். காலை வரை எலி உயிரோடு இருக்கும்.

சமையல் மேடை மேல்தான் ராத்திரி முழுக்க ஓடுகிறது. மேடைக்கு ஏதாவது பொறி உண்டா?

மாதக் காலண்டரின் வழவழப்பான தாள் ஒன்றை எடுத்து, உருட்டுக்கட்டை நுழையும் அளவுக்குச் சுருட்டி ஒட்டுங்கள். இந்தக் குழாயின் பாதி மேடையில் சுவரோரமாகவும், மறுபாதி மேடை விளிம்பைத் தாண்டி அந்தரத்திலும் இருக்க வேண்டும். அந்தரத்தில் நிற்கும் முனையில் உட்பக்கம் இரையை ஒட்டுங்கள். நேர் கீழே அந்த 20 லிட்டர் வாளியை வைத்துவிடுங்கள். குழாய் என்றால் சுண்டெலி விடாது, நுழைந்துதான் பார்க்கும். இரைக்குப் போய்ச் சேரும்போது பாரம் முன்னால் சாய்ந்து குழாயோடு வாளிக்குள் விழும். குழாய் முன்கூட்டியே விழாமல் இருக்க, மேடை மேல் இருக்கும் பாதி சற்றே நீளமாக இருக்கட்டும். பசை, செல்லோ டேப் போட்டு மேடையோடு ஒட்டிவிடாதீர்கள், அப்புறம் விழவே விழாது.

தண்ணீர்ப் பாட்டிலை வெட்டிச் செய்யும் பொறிகள் நன்றாக வேலை செய்யுமா?

சில நேரம். பாட்டிலுக்குள் போனதும் மூடி தானாகச் சாய்ந்து மூடும்படி ரப்பர் பேண்டும் குச்சியும் வைத்துச் செய்வார்கள். செய்ய நேரம் பிடிக்கும், ரப்பர் இரண்டு நாளில் தளர்ந்துவிடும், எலி பிளாஸ்டிக்கைக் கடித்து வெளியே வந்துவிடும். கிண்ணமும் வாளியும் இருக்கும்போது இதற்கு மெனக்கெட வேண்டியதில்லை.

இரையாக எதை வைப்பது? மசால்வடைதான் சிறந்ததா?

மசால்வடை வாசனைக்கு எலி வரும், உண்மைதான். ஆனால் வடை உதிரும். ஒரு துணுக்கைக் கவ்விக்கொண்டு பொறி அசையாமல் போய்விடும். மறுநாள் காய்ந்து கல்லாகிவிடும். கையால் செய்த பொறிக்கு ஒட்டிக்கொள்ளும் இரைதான் வேண்டும். வறுத்த வேர்க்கடலையை வெல்லத்தோடு சேர்த்து இடித்து, இரண்டு சொட்டு நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்தால் பசை மாதிரி வரும். ஒரு பட்டாணி அளவு போதும். நிறைய வைத்தால் ஓரத்தில் நின்றே தின்றுவிட்டுப் போகும்.

அடுத்தபடி சுட்ட தேங்காய். ஒரு சில்லை அடுப்பில் காட்டி எண்ணெய் கசியும் வரை வாட்டி, நூலால் கட்டி வைக்கலாம். இழுத்துப் பிய்க்க வேண்டியிருப்பதால் பொறி நிச்சயம் அசையும். மீன் சாப்பிடும் வீடாக இருந்தால் நெத்திலிக் கருவாடும் நன்றாக வேலை செய்யும். எதுவுமே எடுபடவில்லையென்றால் ஒரு துண்டுப் பஞ்சை இரையோடு கட்டுங்கள். குட்டி போடப்போகும் எலி கூட்டுக்குப் பஞ்சு தேடி அலையும்.

இரையைத் தொடும்போது கையுறை போடுவது நல்லது, உங்கள் சுகாதாரத்துக்காக.

எலிக்கு முன் எறும்பு வந்துவிடுகிறதே?

படுக்கப் போகும்போது வையுங்கள், விடிந்ததும் எடுத்துவிடுங்கள். வெல்லத்தைக் குறைத்து வெறும் கடலையை இடித்து வைத்தாலும் எறும்பு குறையும். பொறியைச் சுற்றி எறும்புப் பொடி தூவ வேண்டாம்.

எத்தனை பொறி வைப்பது?

ஒன்று போதாது. ஒரு சமையலறைக்குக் குறைந்தது மூன்று வேண்டும், இரண்டு மூன்று மீட்டர் இடைவெளியில், எல்லாம் சுவரோரத்தில். சுண்டெலி ஓரிடத்தில் உட்கார்ந்து வயிறாரத் தின்னும் பிராணி அல்ல. ஒரு ராத்திரியில் இருபது முப்பது இடத்தில் கொறித்துக்கொண்டு திரியும். வழியில் எத்தனை பொறி இருக்கிறதோ அத்தனை வாய்ப்பு நமக்கு. புதிதாக ஒரு பொருள் கண்டால் ஆர்வத்தோடு கிட்ட வந்து பார்க்கும் குணமும் அதற்கு உண்டு. ஆகவே முதல் இரண்டு இரவுகளிலேயே பெரும்பாலும் மாட்டும்.

பொறி வைக்கும் இரவில் வேறு சாப்பாடு கிடைக்கக்கூடாது, இது முக்கியம். கழுவாத தட்டு, மூடாத குப்பைக்கூடை, நாய்க்கு வைத்த மிச்சச் சோறு, அடுப்படியில் சிந்திய பொட்டுக்கடலை எல்லாம் இருந்தால் உங்கள் வேர்க்கடலை உருண்டையை அது ஏன் தேடி வரப்போகிறது?

மூன்று நாளாக ஒன்றும் விழவில்லை.

இடத்தை மாற்றுங்கள். கோலமாவை மறுபடி தூவிப் பாருங்கள். இரையையும் மாற்றுங்கள். இதில் எதுவும் பலிக்கவில்லை என்றால் வந்திருப்பது பெரிய எலியாக இருக்கலாம்.

பெரிய எலிக்கு இந்தப் பொறிகள் உதவுமா?

கிண்ணமும் காலண்டர் குழாயும் உதவாது. வளர்ந்த பெரிய எலி பெரும்பாலும் 150 கிராமுக்குக் குறையாது. கிண்ணத்தைத் தள்ளிக்கொண்டு போய்விடும், வாளியிலிருந்தும் எகிறிவிடும். அதற்குக் கடையில் விற்கும் இரும்பு எலிக்கூண்டுதான் வேண்டும். சுண்டெலிக்கு நேர்மாறாக, பெரிய எலி புதுப் பொருளைக் கண்டால் ஒதுங்கும். கூண்டின் கதவை மூடாதபடி கட்டிவிட்டு, மூன்று நான்கு நாள் உள்ளே இரை மட்டும் வையுங்கள். பயமில்லாமல் வந்து தின்னப் பழகட்டும். அப்புறம் ஒருநாள் கட்டை அவிழ்த்துவிட்டு வையுங்கள்.

தஞ்சாவூர்ப் பக்கம் வயலில் மூங்கிலை வில்லாக வளைத்து வைக்கும் எலிக் கிட்டி பார்த்திருப்பீர்கள். நெல்வயலில் அருமையாக வேலை செய்யும். வீட்டுக்குள் அது வேண்டாம், குழந்தையின் விரல் சிக்கினால் பெரிய காயமாகிவிடும்.

பிடித்த எலியை என்ன செய்வது?

இதில் சுலபமான பதில் இல்லை. தெருக்கோடியில் விட்டால் திரும்பி வந்துவிடும், அல்லது பக்கத்து வீட்டுக்குப் போகும். குறைந்தது ஒரு கிலோமீட்டராவது தள்ளி, வீடும் கடையும் இல்லாத புதர்க்காட்டுப் பக்கம் கொண்டுபோய் விடுங்கள். வீட்டிலேயே வளர்ந்த சுண்டெலி அங்கே நெடுநாள் பிழைக்காமல் போகலாம். ஆந்தைக்கோ பாம்புக்கோ இரையாகலாம். கொல்வதென்றே முடிவு செய்தால், கழுத்தை ஒரே அடியில் முறிக்கும் நல்ல வில் பொறியைக் கடையில் வாங்கி வைப்பது, மூழ்கடிப்பதையும் அடித்துக் கொல்வதையும்விட இரக்கமானது. சுவருக்குச் செங்குத்தாக, இரைப்பக்கம் சுவரைத் தொடும்படி வைக்க வேண்டும். குழந்தைகள் கை எட்டாத இடமாகவும் இருக்க வேண்டும்.

எப்படியானாலும் காலையும் மாலையும் பொறியைப் பாருங்கள். பொறியை வைத்துவிட்டு ஊருக்குப் போய்விடுவது கொடுமை.

ஒட்டும் அட்டை வாங்கி வைத்தால் வேலை சுலபமாயிற்றே?

எனக்கு இதில் சம்மதமே இல்லை. பசையில் சிக்கிய எலி மணிக்கணக்கில் துடிக்கும், தன் காலையே கடித்துக்கொள்ளும். பல்லி, ஓணான், அணில் குஞ்சு, சிட்டுக்குருவி எல்லாம் அதில் ஒட்டிக்கொள்கின்றன. இந்திய விலங்குகள் நல வாரியமும் இந்த அட்டைகள் கூடாது என்று மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. தப்பித் தவறி பல்லியோ குருவியோ ஒட்டிவிட்டால் இழுக்காதீர்கள். சமையல் எண்ணெயைப் பசை மேல் கொஞ்சம் கொஞ்சமாகத் தடவினால் விடுபடும்.

கம்பியில் கரண்ட் கொடுத்து எலிப்பொறி செய்வதாகக் கேள்விப்பட்டேன்.

செய்யவே செய்யாதீர்கள். 230 வோல்ட் மின்சாரத்துக்கு எலி, மனிதர் என்ற வித்தியாசம் தெரியாது. எலிக்கு என்று வயலில் போட்ட மின்கம்பியில் கால் பட்டு உயிரிழந்தவர்கள் பலர். அது சட்டப்படியும் குற்றம்.

கோதுமை மாவில் சிமெண்ட் கலந்து உருட்டி வைப்பது, பாராசிட்டமால் மாத்திரையைப் பொடி செய்து வைப்பது இதெல்லாம் பலிக்குமா?

சிமெண்ட் உருண்டையை எலி கொஞ்சம் கொறித்துவிட்டு நிறுத்திக்கொள்ளும். தின்றது செத்தாலும் பீரோவுக்குப் பின்னால் எங்காவது போய்ச் செத்து நாறும். பாராசிட்டமால் அதைவிட மோசம். பூனைகளுக்கு அது கடும் விஷம்; அரை மாத்திரையே பூனையைக் கொல்லப் போதும். சாப்பிடும் மாவை மருந்தாக்கி வைப்பது எதுவானாலும், அதைச் சாப்பிடக்கூடிய குழந்தை ஒன்று வீட்டில் இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

எலி மருந்து வைத்தால் என்ன? எல்லோரும் வைக்கிறார்களே?

எல்லாம் ஒரே மருந்து இல்லை. பழைய எலிப் பசையில் இருந்தது மஞ்சள் பாஸ்பரஸ். அதைத் தக்காளித் துண்டில் தடவி மூலையில் வைப்பது வழக்கம். தக்காளியைப் பார்த்தால் குழந்தை எடுக்காமல் இருக்குமா? உள்ளே போனவருக்கு முதல் ஒன்றிரண்டு நாள் பெரிதாக ஒன்றும் தெரியாது, தேறிவிட்டார் என்றுகூட நினைப்பார்கள். அதன் பிறகு கல்லீரல் செயலிழக்கும். மாற்று மருந்து கிடையாது. இந்தப் பசைக்குத் தமிழ்நாடு அரசு தடை போட்டிருக்கிறது. எங்காவது பெட்டிக்கடையில் கிடைத்தாலும் வாங்காதீர்கள், வீட்டில் பழையது கிடந்தால் குழந்தைகள் கைக்கு எட்டும் குப்பையில் போடாதீர்கள்.

தானிய மூட்டைகளுக்கு வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை ஈரக்காற்றுப் பட்டதும் பாஸ்பீன் என்னும் நச்சு வாயுவாக மாறும். மனிதர் தூங்கும் வீட்டுக்குள் அதற்கு இடமே இல்லை. 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில் ஒரு வீட்டில் எலிக்காக வைத்த மருந்தின் நெடியை இரவு முழுதும் சுவாசித்து இரண்டு குழந்தைகள் இறந்துபோனார்கள். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதையாகிவிடக்கூடாது.

புரோமடியோலோன் கலந்த கேக் மெதுவாக ரத்தத்தை உறையவிடாமல் செய்து கொல்லும் வகை. இதற்கு வைட்டமின் கே என்ற மாற்று மருந்து உண்டு. ஆனாலும் தின்ற எலியைப் பிடித்துத் தின்னும் பூனையும் ஆந்தையும் சேர்ந்து பாதிக்கப்படும்.

தெரியாமல் குழந்தை எலி மருந்தை வாயில் வைத்துவிட்டால்?

உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108க்குக் கூப்பிடுங்கள், மருந்தின் டப்பாவையோ கவரையோ கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள். எந்த மருந்து என்று தெரிந்தால்தான் சிகிச்சையைத் தீர்மானிக்க முடியும். குழந்தை நன்றாக விளையாடுகிறதே என்று வீட்டிலேயே இருந்துவிட வேண்டாம்.

பாச்சை உருண்டை, கற்பூரம், புதினா எண்ணெய், சுவரில் சொருகும் அல்ட்ராசோனிக் கருவி?

வாசனைகள் ஓரிரு நாள் ஒதுங்க வைக்கும், பழகியதும் அதன் மேலேயே ஓடும். பாச்சை உருண்டை கைக்குழந்தைகளுக்கு நல்லதல்ல. ஒலிக் கருவிக்கும் எலி பழகிக்கொள்கிறது. அந்தக் காசுக்கு நல்ல சிமெண்டும் கம்பிவலையும் வாங்கலாம்.

பூனை வளர்த்தால் போதாதா?

பிடிக்கும் பூனையும் உண்டு, பார்த்துக்கொண்டே படுத்திருக்கும் பூனையும் உண்டு. பூனை நடமாட்டத்தால் புது எலிகள் வரத் தயங்கும் என்பது உண்மை. பூனை மேல் உள்ள பிரியத்துக்காக வளருங்கள், எலிக்காக மட்டும் வேண்டாம்.

ஓட்டைகளை எப்படி அடைப்பது?

இதுதான் நிரந்தரத் தீர்வு, பொறியெல்லாம் இதற்குத் துணை. ஒரு பென்சிலைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். அந்தப் பென்சில் நுழையும் ஓட்டை எதுவானாலும் சுண்டெலி நுழையும். ஆறு ஏழு மில்லிமீட்டர் அதற்குப் போதும். மண்டையோடு நுழைந்தால் உடம்பு பின்னாலேயே வந்துவிடும்.

சமையலறைத் தொட்டிக்குக் கீழே குழாய் சுவருக்குள் போகும் இடத்தைக் குனிந்து, டார்ச் அடித்துப் பாருங்கள். பிளம்பர் பெரிதாக உடைத்துவிட்டுப் பூசாமல் போயிருப்பார். பெரும்பாலான வீடுகளில் எலி வாசல் அதுதான். ஏசி குழாய்த் துளை, கேஸ் டியூப் துளை, கேபிள் வயர் வரும் துளை, குளியலறைத் தண்ணீர் போகும் வாய், எக்ஸாஸ்ட் ஃபேன் இடைவெளி எல்லாவற்றையும் வரிசையாகப் பாருங்கள். வாசல் கதவுக்கு அடியில் உள்ள சந்தும் கணக்கில் உண்டு. ஓட்டு வீடாக இருந்தால் ஓடும் சுவரும் சேரும் இடம் முழுவதும் வழிதான்.

வெறும் துணி, தெர்மாகோல், மரத்தூள் வைத்து அடைத்தால் ஒரே இரவில் குடைந்துவிடும். பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் கம்பிநாரை இறுக்கித் திணித்து, மேலே சிமெண்டோ எம்-சீலோ பூசுங்கள். பழைய கொத்தனார்கள் கலவையில் கண்ணாடித் துண்டுகளைக் கலந்து அடைப்பார்கள், அதுவும் நிற்கும். காற்று வர வேண்டிய இடத்துக்குக் கால் அங்குலக் கண்ணுக்கு மேற்படாத கம்பிவலை அடியுங்கள். நைலான் கொசுவலை ஆகாது. கதவின் அடியில் அலுமினியப் பட்டை அடித்தால் ரப்பர் பட்டையைவிட நெடுநாள் வரும்.

வாஷிங் மெஷின் சிலவற்றுக்கு அடிப்பக்கம் திறந்தே இருக்கும். உள்ளே ஏறி வயரைக் கடித்துவிட்டால் பழுது பார்க்கும் செலவு பெரிது. அடியில் கம்பிவலையை வைத்து மூடுங்கள். இன்னொன்று, உள்ளே எலி இருக்கும்போதே எல்லா வழியையும் அடைத்துவிடாதீர்கள். முதலில் பிடியுங்கள், கடைசி வாசலைப் பிறகு அடையுங்கள். சுவருக்குள் குட்டிகள் சிக்கிச் செத்தால் அந்த நாற்றம் போக வாரக்கணக்காகும்.

புழுக்கையைப் பெருக்கித் தள்ளலாமா? எலிக்காய்ச்சல் வரும் என்கிறார்களே?

உலர்ந்தபடி பெருக்காதீர்கள், தூசி எழும்பும். ஜன்னலைத் திறந்து அரை மணி நேரம் காற்றோட்டம் விட்டு, கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி பிளீச்சிங் பவுடர் கரைத்து, தெளிந்த நீரைப் புழுக்கை மேல் தெளித்துப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். பிறகு பழைய தாளால் துடைத்தெடுத்து, பையில் கட்டிப் போடுங்கள். பிளீச்சிங் பவுடரோடு ஆசிட் கலந்துவிடக்கூடாது, விஷவாயு வரும்.

எலிக்காய்ச்சல் என்பது லெப்டோஸ்பைரா கிருமியால் வருவது. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் காலில் உள்ள புண், வெடிப்பு வழியாக உடலுக்குள் போவதே முக்கியமான வழி. மழைத்தண்ணீர் தேங்கிய தெருவில் வெறுங்காலோடு நடந்து, ஓரிரு வாரத்தில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால் மருத்துவரிடம் போய், வீட்டில் எலி இருப்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆரம்பத்திலேயே மருந்து கொடுத்தால் குணமாகிவிடும். தாமதித்தால் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் பிடிக்கும்.

எலி கடித்துவிட்டது. வெறிநாய்க்கடி ஊசி போட வேண்டுமா?

சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். வீட்டு எலியால் ரேபிஸ் வருவது மிக அரிது என்றாலும் முடிவை மருத்துவர் எடுக்கட்டும். டெட்டனஸ் ஊசி தேவைப்படும். கடிபட்ட சில நாளில் காய்ச்சல், மூட்டு வலி, தடிப்பு வந்தால் கடி விஷயத்தை மறக்காமல் சொல்லுங்கள்.

எலி முழுவதும் போய்விட்டது என்று எப்படித் தெரியும்?

பழைய புழுக்கைகளை எல்லாம் துடைத்துவிட்டு, வாரம் இரண்டு முறை அதே இடங்களில் கோலமாவைத் தூவிப் பாருங்கள். இரண்டு வாரம் தொடர்ந்து தடம் இல்லையென்றால் கடைசியாக விட்டுவைத்த ஓட்டையையும் அடைத்துவிடலாம். அதன் பிறகும் ஒரு வாளிப் பொறியைப் பரணில் போட்டுவிடாமல், தொட்டிக்குக் கீழே தயாராக வைத்திருங்கள். அடுத்த மழைக்கு முன், புரட்டாசியிலேயே, பென்சிலோடு இன்னொரு சுற்று போய் வாருங்கள்.